பாட்டை அளக்கும் கோல் எவருடையது?

ஹந்தானை மலையின் அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கின்றது. அதே மலையின் சரிவுகளில் தேயிலைத் தோட்டங்களும் லயங்களும் இருக்கின்றன. இரண்டிற்கும் இடையிலுள்ள தூரம் கால்நடையாகக் கடக்கக்கூடியது. எனினும், கீழேயுள்ள விடுதிகளில் ராப் இசை கேட்கும் தமிழ் மாணவர்க்கு நியூயோர்க் நகரின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பு நெருக்கமான அளவிற்கு மேலேயுள்ள லயங்களின் பாட்டு நெருக்கமானதன்று. நாஸ் என்பாரின் 'இல்மாட்டிக்' உயர்ந்ததா, டொக்டர் டிரேயின் 'த குரோனிக்' உயர்ந்ததா என்னும் விவாதம் நள்ளிரவு கடந்தும் நிகழும். வாதிடுவோர் இரு கட்சியாகப் பிரிவர். மூன்றாவது கட்சியொன்று இருக்கக்கூடும் என்ற எண்ணம் அங்கு எழுவது அரிது. லயத்திலிருந்து படிக்க வந்த மாணவர் கூட அவ்விவாதத்தில் தம் பாட்டனாரின் தப்போசையைச் சான்றாகக் கொண்டுவருவதில்லை.

இவ்விவாதத்தை வீண் பொழுதுபோக்கென்று தள்ளிவிடுதல் தகாது. ஒரு தலைமுறை எதனைக் கேட்கின்றது, எதனை உயர்ந்தது என்கின்றது, எந்த அளவுகோலால் அளக்கின்றது என்பவை பண்பாட்டு வரலாற்றின் வினாக்கள். குறை வாதிடுவதில் இல்லை. வாதத்தின் அடியிற் சோதிக்கப்படாது கிடக்கும் ஒரு நம்பிக்கையில் இருக்கின்றது. நல்ல பாட்டுக்கு ஊர் கிடையாது, தரம் ஒன்றே, அத்தரம் எங்கிருந்து கேட்டாலும் ஒன்றாகவே ஒலிக்கும் என்பதே அந்நம்பிக்கை. நடுநிலை போலத் தோன்றும் இக்கூற்று, உண்மையில் ஓர் ஊரின் செவியை உலகத்தின் செவி என்று சாதிக்கும் கூற்றாகும்.

ராப் இசையின் வரலாறே இதற்குச் சான்று. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், யமெய்க்காவிலிருந்து குடிபெயர்ந்து வந்த கூல் ஹேர்க் என்னும் இளைஞர் இசைத்தட்டுச் சுழற்றிய ஒரு விருந்தையே அவ்விசையின் பிறப்பாகக் கொள்வர். பிறந்த வீடு என்ற உரிமை நியூயோர்க்கிற்கு உண்டு. ஆனால், பிறந்த வீட்டின் உரிமை வேறு. நீதிபதியின் உரிமை வேறு. தொண்ணூறுகளில் நியூயோர்க் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதையும் தனதாக்கிக் கொண்டது.

அக்காலத்தின் பெருந்தொகுப்புகளை அருகருகே வைத்து நோக்குமிடத்து, அவை ஒரே கலையின் கூடுதல் குறைவான வெற்றிகள் அல்ல என்பதும், வேறு வேறு தேவைகளுக்காகச் செய்யப்பட்ட வேறு வேறு பொருள்கள் என்பதும் புலனாகும். 1994 ஏப்பிரலில் வெளிவந்த 'இல்மாட்டிக்' பத்தே பகுதிகள் கொண்டது; நாற்பது நிமிடத்திற்குள் முடிந்துவிடுவது. பழைய ஜாஸ் இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளின் மீது, அடிக்குள் அடியாக இயைபுகளை அடுக்கிச் செல்லும் சொற்செறிவே அதன் அழகு. சன்னலோரத்தில் நின்று தெருவைப் பார்ப்பவனின் கலை அது. காதணி கேட்பொறியை மாட்டிக்கொண்டு சுரங்க ரயிலிற் செல்பவன் ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சுவைப்பதற்கு ஏற்றது. 1992 டிசெம்பரில் வெளிவந்த 'த குரோனிக்' கலிபோர்னியாவின் அகன்ற வீதிகளில் ஓடும் காருக்கு ஏற்றது. எழுபதுகளின் ஃபங்க் இசையை அடித்தளமாகக் கொண்டு, தாழ்ந்த இசைக்கம்பிகளுக்கும் இழுபடும் குழலொலிக்கும் இடம்விட்டு, சொல்லை வேண்டுமென்றே தளர்த்தி வைத்தது அது. அதிற் சொற்செறிவைத் தேடுபவன் ஏமாறுவான். இல்மாட்டிக்கில் காரோட்டத்தின் சுகத்தைத் தேடுபவனும் அவ்வாறே ஏமாறுவான்.

இவ்விரண்டோடு கதை முடியவில்லை. 1994 ஏப்பிரலிலேயே, இல்மாட்டிக் வெளிவந்து ஒரு வாரத்தில், தென் மாநிலமாகிய ஜோர்ஜியாவின் அட்லாண்டா நகரிலிருந்து அவுட்காஸ்ட் என்னும் இருவர் குழுவின் முதற்றொகுப்பு வெளிவந்தது. தெற்கின் இழுத்துப் பேசும் வழக்கு, தேவாலயப் பாட்டின் சாயல், உணவு, வெயில், பழைய கார் யாவும் அதில் இருந்தன. ஹூஸ்டன் நகரின் கெட்டோ போய்ஸ் குழு அதற்கு முன்பே, 1991 இல், நாடறிந்த தொகுப்பொன்றை வெளியிட்டிருந்தது. டெக்சசின் யூ.ஜி.கே. குழு 1996 இல் 'ரைடின் டர்ட்டி' என்னும் தொகுப்பைத் தந்தது. ஆயினும், கிழக்கா மேற்கா என்ற வினாவே அன்றைய சஞ்சிகைகளை ஆண்டது. தெற்கு என்பது விடையாக அன்று, வினாவாகக் கூட இடம்பெறவில்லை.

அன்று தரத்தை நிறுவிய சஞ்சிகை 'த சோர்ஸ்' என்பதாகும். தொகுப்புகளுக்கு ஒலிவாங்கிகளை மதிப்பெண்ணாக வழங்குவது அதன் வழக்கம். ஐந்து ஒலிவாங்கி என்பது பூரணத்துவத்தின் முத்திரை. இல்மாட்டிக் அம்முத்திரையை வெளிவந்தவுடனேயே பெற்றது. மேற்குக் கரையின் இசையையே மாற்றியமைத்த த குரோனிக் நாலரையோடு நின்றது. 1995 ஆகஸ்ட் 3 அன்று அச்சஞ்சிகையின் விருது விழா நியூயோர்க் நகரில் நடைபெற்றது. புதிய குழுவுக்கான விருதை அவுட்காஸ்ட் பெற்றபோது அவையினர் கூச்சலிட்டு எள்ளினர். அக்குழுவின் அன்ட்ரே அந்த எள்ளலின் நடுவே நின்று, தெற்கிற்கும் சொல்வதற்கு ஒன்று உண்டு என்ற பொருள்படச் சுருக்கமாகக் கூறி இறங்கினார். விருது வழங்கியவரும் எள்ளியவரும் ஒரே மண்டபத்தில் இருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. பரிசு கொடுத்த பின்பும் செவி கொடுக்க மறுக்க இயலும் என்பதை அவ்விரவு காட்டியது.

பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1998 இல் அவுட்காஸ்ட் வெளியிட்ட 'அக்வெமினி' அதே சஞ்சிகையின் ஐந்து ஒலிவாங்கிகளைப் பெற்றது. அத்தொகுப்பிலே ரோசா பார்க்ஸ் பெயர் தாங்கிய பாட்டின் இடையில் வாயால் ஊதும் ஹார்மோனிக்கா ஒலிக்கின்றது. அதனை வாசித்தவர் அன்ட்ரேயின் மாற்றாந் தந்தையாகிய மதபோதகர். நாட்டுப்புறத்தான் என்ற எள்ளலுக்கு அஞ்சி அவ்வொலியை அவர்கள் மறைக்கவில்லை. பாட்டின் நடுவீட்டில் இருத்தினர். 2004 இல் அமெரிக்காவின் கிராமி விருதுகளுள் ஆண்டின் சிறந்த தொகுப்புக்குரியது அக்குழுவையே சென்றடைந்தது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். முடிவில் தெற்கு வென்றதன்றோ, எனவே நல்ல கலை எப்படியும் தன் இடத்தைப் பெறும் என்பது உறுதியாயிற்றன்றோ என்பர். இது வென்றவனை மட்டும் எண்ணிச் செய்யும் கணக்கு. வென்ற ஒரு குழுவின் பின்னால், மதிப்பெண் பெறாமலும் எழுதப்படாமலும் கேட்கப்படாமலும் போனவர் எத்தனை பேர் என்பதை அக்கணக்குச் சொல்லாது. அன்றியும், தெற்கின் கலை அன்று குறைவாக மதிக்கப்பட்டது குறைவான கலையாக இருந்தமையால் அன்று. சொற்செறிவுக்கு மட்டும் மதிப்பெண் வழங்கும் கோல், தாழ்சுரத்தின் எடைக்கும் இழுத்துரைக்கும் வழக்கின் நயத்துக்கும் சுழியமே வழங்கியது. உழக்கைக் கொண்டு முழம் போட முயன்றவர்கள், துணியிற் குறை கண்டார்கள்.

இந்த அமெரிக்கக் கதையைக் கேட்டுத் தலையசைக்கும் தமிழ் வாசகர், தம் வீட்டுக் கதையை மறந்துவிடலாகாது. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகில் மரபுப் போராட்டம் நிகழ்ந்தது. கதைகளிற் பேச்சுவழக்கு இடம்பெற்றபோது, அதனை இழிசனர் வழக்கென்று பண்டிதர் சிலர் ஒதுக்கினர். அன்றைய முற்போக்கு எழுத்தாளர்கள் மண்வாசனை என்ற சொல்லை ஒரு கொடியாகவே உயர்த்தினர். பேராதனையின் தமிழ் விரிவுரையறைகள் அப்போராட்டத்தைப் பெருமையோடு கற்பிக்கின்றன. அட்லாண்டாவின் உச்சரிப்பை எள்ளிய நியூயோர்க் அவைக்கும், தோட்டத்தின் உச்சரிப்பையோ கிழக்கின் உச்சரிப்பையோ கேட்டுச் சிரித்த தமிழ் அவைக்கும் வேறுபாடு என்ன என்பதைக் கேட்கும் துணிவு மட்டும் அக்கற்பித்தலோடு வருவதில்லை.

தமிழ் ராப் இசையின் தரவரிசைகளும் இதே நோயினாற் பீடிக்கப்பட்டவை. இல்மாட்டிக் வெளிவந்த அதே 1994 இல் 'காதலன்' திரைப்படத்தின் பேட்டை ராப் தமிழ்நாட்டுக் கொட்டகைகளை அதிரவைத்தது. ஆயினும், திரைக்கு வெளியே தமிழ் ராப் தன் காலில் நின்றது முதலில் மலேசியாவில். 1998 இல் பொயற்றிக் அமோ என்னும் மலேசியக் குழு, பல மொழிகளோடு தமிழையும் இணைத்துத் தொகுப்பு வெளியிட்டது. அக்குழுவின் யோகி பி பின்னர் நட்சத்ராவுடன் சேர்ந்து 2006 இல் 'வல்லவன்' என்னும் முழுமையான தமிழ்த் தொகுப்பைத் தந்தார். சென்னையிலிருந்து ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பு வந்தது 2012 இல். அதனை இந்தியாவின் முதல் தமிழ் ஹிப்ஹாப் தொகுப்பு என்று அறிமுகப்படுத்தியமையிற் பிழையில்லை. ஆனால், 'இந்தியாவின்' என்ற சொல் வாய்மொழியிலே தேய்ந்து, 'முதல் தமிழ் ஹிப்ஹாப்' என்றே நிலைத்துவிடுகின்றது. ஒரு சொல் உதிர்ந்தால் ஒரு நாடே உதிர்ந்துவிடுகின்றது. சென்னைத் திரையுலகு தமிழிசையின் நியூயோர்க் ஆகியிருப்பது இவ்வாறுதான். எவரும் சதி செய்ய வேண்டியதில்லை, ஒரு சொல்லை மறந்தாற் போதும்.

இதனிலும் கூர்மையான எடுத்துக்காட்டு 'எஞ்சாய் எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வெளிவந்து உலகெங்கும் ஒலித்த இப்பாட்டிற்கு அறிவும் தீயும் குரல் தந்தனர். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணனுடையது. அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் தமிழகம் திரும்பியவர். அந்நினைவே பாட்டின் ஊற்றுக்கண்களுள் ஒன்று. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பொருள் பங்கிடுவது போற் பங்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிக்கலாம் என்று விட்டுவைத்தது. அக்கணக்குத் தாளிலிருந்து எழுந்த குரலே அப்பாட்டு.

அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு தன் அட்டையிற் தீயையும், யாழ்ப்பாணத்திற் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சன்ட் டி போலையும் இட்டது. அறிவு அட்டையில் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் முதலியோர் கண்டித்தனர். பின்னர் அறிவுக்கென்று இணைய அட்டையொன்று வெளியாயிற்று. 2022 இல் பாட்டின் ஆக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பிணக்கும் பொதுவெளிக்கு வந்தது. அப்பிணக்கிற் தீர்ப்புக் கூறுதல் இக்கட்டுரையின் பணியன்று. கவனிக்க வேண்டியது வேறொன்று. அத்தனை வாதமும் கலைஞர், நிறுவனம், அட்டைப்படம் என்பவற்றைச் சுற்றியே சுழன்றது. பாட்டுக்கு நினைவைத் தந்த மலை எங்கே, அம்மலையில் இன்றும் வாழ்வோரின் பாட்டு எது என்ற வினா அதன் ஓரத்திற் கூட உரக்க எழவில்லை. இறுதியாக வந்த சஞ்சிகையின் ஒலிவாங்கியே முதலில் வந்த குரலை மூடிவிட்டது.

மலையகத்தின் பாட்டு புதிதாகத் தேடிக் கண்டெடுக்கப்பட வேண்டியதன்று. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டந் தோட்டமாகச் சேர்த்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் நூலுருவில் இருக்கின்றன. அவற்றிற் கங்காணி பெயர் சொல்லி ஏசப்படுகிறான். துரை நையாண்டி செய்யப்படுகிறான். வந்த வழியும் இறந்தவர் பெயரும் எண்ணப்படுகின்றன. 1930களில் கோ. நடேசய்யரின் தொழிற்சங்கக் கூட்டங்களில் அவர் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாகப் பாடினார்; கூட்டத்தின் முன் நின்று, அன்றைய செய்தியை அன்றே பாட்டாக்கிச் சொன்னார். விடியலிற் பிரட்டுக்கு அழைத்த அதே தப்பு, திருவிழாவிலும் சாவீட்டிலும் வேறு வேறு அடிகளிற் பேசியது. மாசி மாதத்திற் காமன்கூத்து நிகழும்போது தோட்டம் முழுவதுமே மேடையாகும். அதன் உறவாகிய தமிழ்நாட்டுக் காமன் பண்டிகையிலோ, காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் நின்று இரவெல்லாம் லாவணியில் வாதிட்டுப் பாடும் மரபு உண்டு. பெயர் சொல்லி ஏசுதல், ஊரைச் சொல்லுதல், கட்சி கட்டிப் பாடுதல், தாளத்தின் மேற் பேசுதல் ஆகிய இவையே ராப் கலையின் இலக்கணம் என்றால், அவ்விலக்கணத்தைக் கற்கக் குவீன்ஸ்பிரிட்ஜ் வரை செல்ல வேண்டியதில்லை.

பல்கலைக்கழகமும் இவ்விடயத்திற் குற்றமற்றதன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பின் கூத்து மரபைப் பேராதனை மேடைக்குக் கொணர்ந்தார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை என்னும் அந்நான்கும் ஈழத்துத் தமிழரங்கின் திருப்புமுனைகள். கிராமத்தான் ஆட்டம் என்று இகழப்பட்ட ஒன்று, கற்றோர் அவையில் தன் உயரத்தைக் காட்டிற்று. அப்பணியின் பெருமை குன்றாது. ஆனால், நூறு மைலுக்கு அப்பாலுள்ள கிழக்கின் கூத்து ஏறிய அந்த மேடையில், மலையின் மேலிருந்து இறங்கி வரக்கூடிய காமன்கூத்து அவ்வரிசையில் இடம்பெறவில்லை. தூரத்திலுள்ளதைக் கேட்கும் செவி, அண்டையிலுள்ளதைக் கேட்டுவிடும் என்பதற்கு உறுதியில்லை.

இவ்விடத்தில் மற்றொரு பிழையையும் சுட்டுதல் வேண்டும். மையத்தின் பாரபட்சத்துக்கு விடை ஓரத்தின் பாரபட்சம் அன்று. எங்கள் மலையின் பாட்டு ஆதலால் அது சிறந்தது என்பவர், நியூயோர்க் அவையின் கூச்சலைத் தமிழில் எழுப்புபவரே ஆவார். மேற்குக் கரையின் முகமாகக் கொண்டாடப்படும் துபாக் ஷக்கூர் பிறந்தது நியூயோர்க்கில். கிழக்கு மேற்குப் பகை உச்சத்திலிருந்த காலத்தில், 1996 செப்டெம்பரில் அவரும் 1997 மார்ச்சில் நியூயோர்க்கின் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யும் சுடப்பட்டு இறந்தனர். ஊர்ப்பற்று அளவுகோலாகும்போது அது இரத்தக் குறியாகவும் மாறக்கூடும் என்பதை இலங்கைத் தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மண்வாசனை என்பது ஆராய்ச்சியின் தொடக்கம். தேர்ச்சிச் சான்றிதழ் அன்று. மலையகத்தில் இன்று கைத்தொலைபேசியிற் பதிவாகும் ராப் பாட்டுகளிலும் போலியும் இருக்கும், பொன்னும் இருக்கும். அவற்றைக் கேட்டு, இது ஏன் நன்று, இது ஏன் நன்றன்று என்று சொல்லும் திறனாய்வே அவற்றிற்குத் தரவேண்டிய மரியாதை. இரக்கப் புகழ்ச்சியும் ஒருவகைப் புறக்கணிப்பே.

ஹந்தானையில் 1925 இற் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001 முதல் நூதனசாலையாக இருக்கின்றது. பழைய இயந்திரங்களும், 1867 இல் லூல்கந்துரையிற் தேயிலைச் செய்கையைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் அங்கு பேணப்படுகின்றன. இரும்புக்கு ஒரு நூதனசாலை கிடைத்துவிட்டது. பாட்டுக்கு அது கிடைக்கவில்லை. பாட்டுக்குத் தேவைப்படுவது நூதனசாலையும் அன்று. வாழும் பாட்டைக் கண்ணாடிப் பெட்டியில் இட்டால் அதற்கு மதிப்பெண் கிடைக்கலாம், மூச்சுக் கிடைக்காது. அதற்குத் தேவை வாதத்தில் ஓர் இடம்.

அந்த இடத்தைக் கொடுக்க வல்லவர் எவர்? விடை இத்தகைய இதழ்களின் வாசகரிடத்திலேயே இருக்கின்றது. ஐந்து ஒலிவாங்கி வழங்கி உலகத்தின் ராப் தரத்தை நிறுவிய த சோர்ஸ், நியூயோர்க்கின் பெருநிறுவனமொன்றிற் பிறந்ததன்று. 1988 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் ஒரு தாள் செய்திமடலாகத் தொடங்கியது அது. பின்னரே நியூயோர்க் சென்று நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தது. அளவுகோல்கள் வானத்திலிருந்து விழுவதில்லை. மாணவர் விடுதிகளில் வெட்டப்படுகின்றன. அவ்வாறாயின் ஹந்தானை அடிவாரத்து விடுதிகளிலும் ஒரு கோலை வெட்ட இயலும். தோட்டத்துப் பாட்டின் தாளத்தையும் வழக்கையும் ஏசலையும் அதன் சொந்த இலக்கணத்தாற் கேட்டு, ஆண்டுதோறும் எழுதி, பிழையென்றால் பிழையென்றே சொல்லி, தமிழ்த்துறையின் கட்டுரைத் தலைப்புகளுள் அதனையும் ஒன்றாக்கும் வேலை பெரும்பணம் வேண்டுவதன்று. மலையேறும் கால்களும் தாழ்த்தாத செவியும் வேண்டுவது.

மலையகத் தமிழர் இந்நாட்டிற்கு வந்த இருநூறாவது ஆண்டு 2023 இல் நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த பாதையில் மக்கள் மீண்டும் நடந்தனர். ஹந்தானை அடிவாரத்திலிருந்து ஹந்தானைச் சரிவு வரையுள்ள பாதை அதனினும் மிகக் குறுகியது. இல்மாட்டிக்கா, குரோனிக்கா என்ற விவாதம் தொடரட்டும். அது நல்ல விவாதம். ஆனால், மூன்றாவது பெயரொன்றைச் சொல்லும் மாணவர் அவ்வறையில் எழும்போது, 1995 இன் அந்த நியூயோர்க் மண்டபம் போல அவ்வறை எள்ளி ஒலிக்குமாயின், அங்கே தோற்பது அம்மாணவர் அல்லர், அவ்வறையே.